நக்ல் என்றால் நகல் அல்ல

ரியாத்தில் நாலு வருஷம் அரபி பேசினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு கடைசியில் ஆறாயிரம் ரியாலைத் தின்றது. ஊர்க் காசில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். பணம் போனதைக்கூட ஆற்றிக்கொண்டேன். முதல் மாதமே யாராவது உட்காரவைத்து இதைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேனே என்கிற ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை. சவூதிக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்காக, என்னென்ன வரிசையில் வந்ததோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வாரத்தில் பேச்சைவிட எண்தான் படுத்தும். பெரிய கடைகளில் ரசீது நம்ம எண்ணிலேயே வரும். பக்காலா எனும் மளிகைக்கடை, ஒர்க்‌ஷாப், தையல்கடை மாதிரி இடங்களில் கையால் எழுதித் தரும் சீட்டில்தான் ஆள் மாட்டுவான். அங்கே சுழியம் என்பது வெறும் புள்ளி. நாம் சுழியம் என்று படிக்கிற வட்டம் அவர்களுக்கு ஐந்து. ஏழு மாதிரித் தெரிவது ஆறு. ஆங்கில வி போல இருப்பது ஏழு, அதையே கவிழ்த்துப் போட்டால் எட்டு. ஒன்றும் ஒன்பதும் மட்டும் நம்முடையது மாதிரியே இருக்கும். ஆக, ஒரு வட்டமும் பக்கத்தில் ஒரு புள்ளியும் இருந்தால் அது ஐம்பது. இரண்டுக்கும் மூன்றுக்கும் தலையில் ஒரு வளைவுதான் வித்தியாசம். அவசரத்தில் எழுதும்போது மூன்றின் வளைவு மழுங்கி, அச்சில் பார்த்த இரண்டு போலவே நிற்கும். எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண்ணை நம்மைப் போல இடமிருந்துதான் படிக்க வேண்டும். இதற்குக் காசில்லாத பள்ளிக்கூடம் ரோட்டிலேயே ஓடுகிறது: வண்டி நம்பர் பிளேட். அரபு எண்ணும் நம்ம எண்ணும் இரண்டுமே அதில் இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் மேலே படித்துக் கீழே சரிபார்த்தால் ஒரே வாரத்தில் எண் கைவந்துவிடும். எழுத்தை மட்டும் அதில் கற்காதீர்கள். 'மீம்' எழுத்துக்கு இணையாக அங்கே இஸட் போட்டிருப்பார்கள். அது பதிவுத் துறையின் வசதிக்கு வைத்த கணக்கு, உச்சரிப்பு இல்லை.

காதால் கேட்கிற எண் இன்னொரு தலைவலி. இருபத்தைந்தை 'கம்ஸா வ இஷ்ரீன்' என்பார்கள், அதாவது ஐந்தும் இருபதும். முதலில் காதில் விழுகிற ஐந்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து ரியாலை நீட்டினால் கடைக்காரர் சிரிப்பார். 'கம்ஸ்தாஷ்' பதினைந்து, 'கம்ஸீன்' ஐம்பது. 'ஸப்ஈன்' எழுபது, 'திஸ்ஈன்' தொண்ணூறு. டாக்ஸியில் வாடகை பேசும்போது இந்த இரண்டு ஜோடியும்தான் சண்டையில் கொண்டுபோய் விடும். வண்டியில் ஏறுவதற்கு முன்பே போனில் கால்குலேட்டரைத் திறந்து, "உக்துப், லவ் ஸமஹ்த்" என்று நீட்டிவிடுங்கள். தயவுசெய்து எழுதுங்கள் என்று அர்த்தம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது மாதத்திலிருந்து தொழிலாளர் விடுதிகளில் புழங்கும் கேம்ப் அரபி ஒட்டிக்கொள்ளும். "அனா ரூஹ் பத்தா", "இன்த்தா சவ்வி ஹாதா", "மாஃபி மாலூம்", "கல்லாஸ்". நான் பத்தா கடைத்தெருவுக்குப் போகிறேன், நீ இதைச் செய், எனக்குத் தெரியாது, முடிந்தது என்று அர்த்தம். வளைகுடா முழுக்க நம்ம ஆட்கள், மலையாளிகள், வங்காளிகள், பாகிஸ்தானிகள், பிலிப்பினோக்கள் எல்லாரும் சேர்ந்து வளர்த்த மொழி இது. இதற்குக் காலமும் கிடையாது, ஆண் பெண் வித்தியாசமும் கிடையாது. 'ஃபீ' போட்டால் உண்டு, 'மாஃபி' போட்டால் இல்லை, முடிந்தது கதை. சவூதிக்காரரும் நம்மைப் பார்த்ததும் "யா சதீக்", அதாவது நண்பா என்று கூப்பிட்டு இதே மொழியில்தான் பேசுவார். அங்கேதான் கண்கட்டு வேலை ஆரம்பிக்கிறது. நாம் அவர் மொழிக்கு ஏறிவிட்டதாக நினைப்போம், உண்மையில் அவர்தான் நமக்காக இறங்கி வந்திருப்பார். குப்பூஸ் ரொட்டி வாங்க, முடி வெட்ட, கேஸ் சிலிண்டர் மாற்ற இது போதும். காகிதம், காசு, உடம்பு இந்த மூன்றில் எது நடுவில் வந்தாலும் போதாது.

அரபி என்று ஒரே மொழி இருப்பதாக நினைத்துப் போகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். பார்மசியில் நிற்பவர் எகிப்துக்காரர், கடை வைத்திருப்பவர் ஏமன்காரர், அக்கவுண்டன்ட் சூடானியோ சிரியாக்காரரோ, மேலாளரான முதீர் சவூதி. 'என்ன' என்பதற்கு ரியாத்காரர் 'வெஷ்', ஜித்தாக்காரர் 'ஏஷ்', எகிப்தியர் 'ஏ', சிரியாக்காரர் 'ஷூ'. 'எனக்கு வேணும்' என்பது சவூதியில் 'அப்கா' அல்லது 'அபீ', எகிப்தில் 'ஆயிஸ்', சிரியாவில் 'பித்தி'. 'இப்போ' என்பது ரியாத்தில் 'அல்ஹீன்', ஜித்தாவில் 'தஹ்ஹீன்', எகிப்தியருக்கு 'தில்வக்தி'. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. காதுக்கு நாலு பேச்சும் புரிய வேண்டும், வாய்க்கு ஒன்று போதும். அது நீங்கள் இருக்கும் ஊர்ப் பேச்சாக இருக்கட்டும். யூடியூபில் முதலில் கண்ணில் படுவதைக் கற்றுக்கொண்டு ரியாத்தில் வந்து எகிப்து அரபி பேசினால், மதுரை டீக்கடையில் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவது மாதிரி. புரியும், ஆனால் எல்லாரும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள்.

உச்சரிப்பில் தமிழனுக்கென்று தனி வியாதி உண்டு. நமக்கு 'க' ஒன்றுதான், அவர்களுக்கு அந்த வட்டாரத்தில் நாலைந்து. இதயம் 'கல்ப்' அடித்தொண்டையிலிருந்து வர வேண்டும், அதிலும் ரியாத்தில் 'g' போலக் கனத்து ஒலிக்கும். லேசான 'க' போட்டால் அது நாய். யாரையாவது 'யா கல்பி' என்று செல்லமாகக் கூப்பிடும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் விழுந்த குழிக்கு இப்போது வருகிறேன். தமிழில் புழங்குகிற அரபுச் சொற்கள் கொஞ்சநஞ்சமில்லை. பாக்கி, அசல், வசூல், ஆஜர், வக்கீல், தாவா, சவால், நகல் எல்லாம் பாரசீகம், உருது வழியாக நம்ம கச்சேரிக் காகிதங்களுக்குள் வந்து உட்கார்ந்தவை. அங்கே இவற்றைக் கேட்கும்போது சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி மனசு குளிரும். ஆனால் பாதிப்பேர் குணம் மாறியிருப்பார்கள். 'பாகி' மீதிச் சில்லறை, சரி. 'அஸ்ல்' அசல் காகிதம், அதுவும் சரி. 'ஸுஆல்' வெறும் கேள்வி, அதில் எந்தச் சவாலும் இல்லை. 'வகீல்' நம்ம சார்பாகச் செயல்படும் பிரதிநிதி. கோர்ட்டில் வாதாடுகிறவர் 'முஹாமி'. நகலோ 'சூரா' அல்லது 'நுஸ்கா'. 'நக்ல்' என்றால் மாற்றம், இடம் பெயர்த்தல். 'நக்ல் கிதமாத்' என்றால் உங்கள் வேலையையே ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றுவது.

நாலாவது வருஷ முடிவில் ஒருநாள் எங்கள் மந்தூப் வந்தார். மந்தூப் என்றால் நிறுவனத்துக்காக அரசு ஆபீஸ் வேலைகளைப் பார்க்கிறவர். இரண்டு தாளை நீட்டி, "நக்ல், நக்ல், மாஃபி முஷ்கிலா, வக்கிஃ ஹினா" என்றார். பிரச்சினை இல்லை, இங்கே கையெழுத்துப் போடு என்று அர்த்தம். நகல்தான் கேட்கிறார், கோப்பில் வைக்கப்போகிறார் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். போனில் அரசின் அடையாளச் சரிபார்ப்பு ஆப்பான நஃபாத் ஒரு இரண்டு இலக்க எண்ணை அழுத்தச் சொன்னது. அதையும் அவரே என் போனை வாங்கி அழுத்தினார். அதே முதலாளியின் வேறு பெயர் கொண்ட இன்னொரு நிறுவனத்துக்கு நான் மாறினேன். மேஜையும் நாற்காலியும் சம்பளமும் மாறவில்லை. அந்த மாதம் கணக்கில் கூடுதலாக மூவாயிரம் ரியால் விழுந்தது. போனஸ் என்று நினைத்து ரூமில் எல்லாருக்கும் மந்திச் சோறு வாங்கிக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்த இரண்டு தாளில் ஒன்று என் ராஜினாமாக் கடிதம்.

அதில் எப்படி நஷ்டம் என்றால், சவூதித் தொழிலாளர் சட்டப்படி வேலை முடியும்போது முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகத் தர வேண்டும். கணக்கு கடைசிச் சம்பளத்தின் மேல். எனக்கு மாதம் 4,500 ரியால், நாலு வருஷத்துக்கு இரண்டு மாதச் சம்பளம், ஆக 9,000. ஆனால் நாமே ராஜினாமா செய்தால் விதி வேறு. இரண்டு வருஷத்துக்குள் என்றால் ஒன்றுமில்லை, இரண்டிலிருந்து ஐந்துவரை மூன்றில் ஒரு பங்கு, ஐந்திலிருந்து பத்துவரை மூன்றில் இரண்டு பங்கு, பத்து நிறைந்தால்தான் முழுசு. எனக்கு விழுந்த 3,000 அந்த மூன்றில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு என் நாலு வருஷ சர்வீஸும் அழிந்து, புது நிறுவனத்தில் முதல் நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, வேலையை முடித்து எக்ஸிட் விசாவில் ஊருக்குக் கிளம்பிய சக ஊழியர் ஒருவர் தன் கணக்கைப் பார்க்கும்போதுதான் என்னுடையதும் வெளியே வந்தது. வேலை உறவு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது சட்டம். என் கெடு ஆறு மாதம் முன்பே தாண்டியிருந்தது. கெடுவுக்குள் இருந்தால் வழி உண்டு. முதலில் மனிதவள அமைச்சகத்தின் 'தஸ்வியா வுத்தியா' எனும் சமரசப் பிரிவில் ஆன்லைனில் புகார் கொடுக்க வேண்டும், அங்கே தீராவிட்டால்தான் தொழிலாளர் நீதிமன்றம். சமரசத்துக்கு வக்கீல் தேவையில்லை, உங்கள் காகிதங்கள் ஒழுங்காக இருந்தால் போதும்.

ஆங்கிலத்தில் ஒப்பந்தம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இரண்டு மொழியிலும் இருந்து ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் அரபுப் பகுதிதான் செல்லும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் எந்தத் தாளிலும் சில சொற்கள் இருக்கிறதா என்று கண் தானாகத் தேட வேண்டும். 'இஸ்திகாலா' ராஜினாமா. 'முகாலஸா' எல்லாப் பாக்கியும் தீர்ந்தது என்கிற ரசீது, பணம் கைக்கு வராமல் இதில் கையெழுத்து வைத்தால் பிறகு எங்கேயும் நிற்க முடியாது. 'இஸ்தலம்து' நான் பெற்றுக்கொண்டேன். 'தனாஸுல்' உரிமையை விட்டுக்கொடுப்பது. 'இக்ரார்' ஒப்புக்கொள்கிறேன் என்பது, 'தஅஹ்ஹுத்' உறுதிமொழி. இவற்றின் எழுத்து வடிவத்தைப் போனில் படமாக வைத்துக்கொண்டு தினமும் ஒருமுறை பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் முகம் அடையாளம் தெரியும். தேதி எழுதும் இடம் காலியாக இருக்கிற தாளில் பேனாவையே வைக்காதீர்கள், அது எந்த மாதத்திலும் உயிர்பெறும். போன் கேமராவில் மொழிபெயர்ப்பு பார்க்கலாம்தான். அச்சுத் தாளை அது ஓரளவு சரியாகச் சொல்லும், கையெழுத்திலும் முத்திரை விழுந்த இடத்திலும் உளறும். அதனால் ஒருநாள் அவகாசம் வாங்குவதுதான் பலமான வழி. "அத்தினி நுஸ்கா, அக்ரா, புக்ரா அவக்கிஃ." ஒரு பிரதி கொடுங்கள், படிக்கிறேன், நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன். சரியான தாளைக் கொண்டுவந்தவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கொடுத்துவிடுவார். கொடுக்க மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். நஃபாத்தில் வரும் எண்ணையும் அரசுச் சேவை ஆப்பான அப்ஷரின் ஓடிபியையும் கையெழுத்தாகவே நினையுங்கள். வேலை ஒப்பந்தங்களுக்கான அரசுத் தளமான கியூவாவில் ஒப்பந்தம், மாற்றம், ராஜினாமா எல்லாம் உங்கள் ஒப்புதலில்தான் நகரும். அந்த ஆப்பை ஆங்கிலத்துக்கு மாற்றி, நீங்களே திறந்து, நீங்களே அழுத்துங்கள். குடியிருப்பு அனுமதியான இக்காமா எப்போது முடிகிறது என்பதையும் மந்தூப் வாய்ச்சொல்லில் விடாமல் அப்ஷரில் பாருங்கள். புதுப்பிக்கத் தாமதமானால் முதல் தடவை 500 ரியால், அடுத்த தடவை 1,000 அபராதம்.

அதற்குப் பிறகுதான் ரோஷம் வந்து எழுத்துக்கு உட்கார்ந்தேன். இருபத்தெட்டு எழுத்து, தினம் அரை மணி நேரம், மூன்று வாரம். நம்ம இருநூற்று நாற்பத்தேழைப் பார்த்தவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை, இத்தனை வருஷம் தள்ளிப்போட்டதுதான் வெட்கம். பல எழுத்துகளுக்கு உடம்பு ஒன்றே, புள்ளிதான் வேறு. ஒரே கிண்ணத்தின் கீழே ஒரு புள்ளி 'பா', மேலே இரண்டு 'தா', மேலே மூன்று 'ஸா'. சொல்லுக்கு நடுவில் வந்தால் கிண்ணம் ஒரு பல் அளவுக்குச் சுருங்கிவிடும், அப்போது புள்ளியை மட்டும்தான் நம்ப வேண்டும். அலிஃப், தால், ஸால், ரா, ஸாய், வாவ் என்று ஆறு எழுத்து அடுத்த எழுத்தோடு கைகோக்காது, அதனால் ஒரே சொல் துண்டுதுண்டாகத் தெரியும். இடைவெளியைப் பார்த்துப் புதுச்சொல் என்று ஏமாறக்கூடாது. குறில் உயிரொலிகளை எழுதவே மாட்டார்கள். மதரஸாவில் ஓதிய தமிழ் முஸ்லிம் நண்பர்களுக்கு எழுத்து ஏற்கெனவே தெரியும், பாதிக் கிணறு தாண்டியவர்கள். ஆனால் குர்ஆனில் இருக்கும் ஸபர், ஸேர் எனும் குறில் குறிகள் கடைப் பலகையில் இருக்காது என்பதால் அவர்களுக்கும் முதலில் தடுமாற்றம் வரும். பெப்ஸி, பேங்க், சூப்பர்மார்க்கெட் என்று நமக்குத் தெரிந்த சொற்களை அரபு எழுத்தில் எழுதிய பலகைகளில் ஆரம்பியுங்கள். 'p' ஒலி கனத்து 'b' ஆகி, பெப்ஸி 'bebsi' ஆவதும் அங்கேதான் பிடிபடும். அவர்களுக்கு நம்ம 'பல்லி'யில் வரும் ஒலி கிடையாது, பார்க்கிங்கே 'b' போட்டுத்தான் வரும்.

பேச்சில் உடனே சரிசெய்ய வேண்டியது காலம். கேம்ப் அரபியில் "அனா மாஃபி ஃபுலூஸ்" என்றால் என்னிடம் காசில்லை என்றும் ஆகும், எனக்குச் சம்பளம் தரவில்லை என்றும் ஆகும். புகார் கொடுக்கும் இடத்தில் இந்த மயக்கம் உங்களை மூழ்கடிக்கும். கடைசியில் ஒரு 'த்' சேர்த்தால் 'நான் செய்தேன்' ஆகிவிடும்: 'தஃபஅத்' கொடுத்தேன், 'இஸ்தலம்த்' வாங்கினேன், 'வக்கஅத்' கையெழுத்துப் போட்டேன், 'ருஹ்த்' போனேன். முன்னால் 'மா' போட்டால் எதிர்மறை. "மா இஸ்தலம்த் அர்ராத்திப்", சம்பளம் வாங்கவில்லை. இந்த நாலு சொல்லோடு தேதியும் சேர்த்துச் சொன்னால் கவுன்டருக்குப் பின்னால் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். வேலை செய்துகொண்டிருப்பவரிடம் பேச்சை "அல்லாஹ் யஅதீக் அல்ஆஃபியா" என்று தொடங்குங்கள். உங்களுக்குத் தெம்பு கிடைக்கட்டும் என்று அர்த்தம். அந்த ஒரு வரி வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைக்காது, பதிலின் தொனியை மாற்றும்.

நேரக் கணக்கும் வேறு. "பஅத் அஸர்" வா என்றால் மணி சொல்லவில்லை, அஸர் தொழுகைக்குப் பிறகு என்கிறார், அது பருவத்தோடு நகரும். மாலைத் தொழுகையான மக்ரிபுக்கும் இரவுத் தொழுகையான இஷாவுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம், ரமலானில் இரண்டு மணி. வெள்ளிக்கிழமை காலையில் கடைத்தெரு தூங்கும், ஜும்ஆ முடிந்த பிறகுதான் உயிர் வரும். வார விடுமுறை வெள்ளி, சனி. காகிதத்தில் ஹிஜ்ரி வருஷமும் மிலாதி வருஷமும் கலந்து வரும். ஹிஜ்ரி வருஷம் பதினோரு நாள் குட்டை. பக்கத்தில் 'மீம்' இருந்தால் நம்ம ஆங்கில வருஷம், 'ஹா' இருந்தால் ஹிஜ்ரி. பால் பாக்கெட்டில் 'இன்தாஜ்' தயாரித்த நாள், 'இன்திஹா' முடியும் நாள்.

உடம்பு சரியில்லாத நாளில் அரபி மொத்தமும் மறந்துபோகும். பார்மசியில் 'கப்ல் அல்அக்ல்' சாப்பிடும் முன், 'பஅத் அல்அக்ல்' சாப்பிட்ட பின், 'மர்ரதேன்' இரண்டு வேளை, 'ஹப்பா' ஒரு மாத்திரை. 'ஸுக்கர்' சர்க்கரை வியாதி, 'தக்த்' பிரஷர். ஒவ்வாமைக்கு 'ஹஸாஸியா'. இது ஒன்றையாவது வாய்க்குப் பழக்கிவையுங்கள். ரியாத்தில் 911 அடித்தால் போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே எண். செம்பிறைச் சங்க ஆம்புலன்ஸ் 997.

இக்காமா உறைக்குள் ஒரு சின்னச் சீட்டு வைத்திருக்கிறேன். பார்மசியில் நிற்கும் எகிப்துக்காரரிடம் கெஞ்சி எழுதி வாங்கியது. என் ரத்த வகை, பென்சிலின் ஹஸாஸியா, ரூம் நண்பரின் போன் நம்பர். எழுதி நீட்டியவரிடம், வாங்கி மடித்து வைக்காமல், அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினேன். பென்சிலின் என்பதை 'பின்ஸிலீன்' என்று எழுதியிருந்தார். ஹஸாஸியாவில் ஒரு பல்லுக்குக் கீழே இரண்டு புள்ளி ஒழுங்காக இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் உறைக்குள் வைத்தேன்.